முப்பத்தொரு நாள் தூசி

பலெர்மோ நகரின் அல்பெர்கேரியாப் பகுதியில் ஒரு பழைய கிடங்கை எங்கள் இத்தாலிய முதலாளியம்மா, சிஞ்ஞோரா, தெய்வக் கண்காட்சியாக மாற்றியிருந்தார். வடக்கு ஐரோப்பியர் கிறிஸ்தவராவதற்கு முன் கும்பிட்ட தெய்வங்களின் சிலைகள். பலெர்மோவை ஆண்ட நோர்மன் அரசர்களின் மூதாதையருக்கும் அவைதான் கடவுள்களாம். வாசலில் ஒற்றைக் கண்ணுடன் ஓடின், பக்கத்தில் சுத்தியலோடு தோர், இன்னும் பத்துப் பேர். பார்க்க வருகிறவர்கள் அநேகமாக வெளியூர்ப் பயணிகள்.

கதவு திறக்குமுன் தூசி துடைப்பது என் வேலை. ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் ஒப்பந்தம் எழுதுவேன் என்று சிஞ்ஞோரா சொல்லியிருந்தார். அந்தக் கடதாசி இல்லாமல் என் பெர்மெசோவை, இந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதியை, புதுப்பிக்க முடியாது.

மூன்றாம் நாள் ஊரில் பெரியப்பா இறந்துபோனார். எங்களுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. கோயிலுக்குப் போகக்கூடாது, சாமியைத் தொடக்கூடாது. வீட்டில் மனைவி சாமிப்படங்களுக்குத் திரை போட்டாள். மறுநாள் துணியோடு ஓடின் முன் நின்றேன். கை போகவில்லை. நிலத்தைக் கூட்டினேன். கூட்டிய இடத்தையே திரும்பவும் கூட்டினேன்.

டிக்கெட் கொடுக்கும் மன்னார்ப் பெண் பார்த்துவிட்டாள்.

"என்ன அண்ணை, சுத்திச் சுத்தி வாறியள்? நேர்த்திக்கடனே?"

"துடக்கு, தங்கச்சி. தொடேலாது."

"உது சாமியே? தட்டிப் பாருங்கோ, உள்ளுக்கை ஒண்டுமில்லை."

"ஒரு காலத்திலை ஆக்கள் கும்பிட்டவையெல்லே."

"சிஞ்ஞோரா கண்டா வேலை போயிடும். நாளைக்கு வெள்ளன வந்து நான் துடைச்சு விடுறன். நாங்கள் கத்தோலிக்கர், எங்களுக்கு உந்தத் துடக்கெல்லாம் இல்லை."

ஆனால் மறுநாள் அவளுக்கு முன்னமே சிஞ்ஞோரா வந்துவிட்டார். ஓடினின் முழங்காலில் விரலை இழுத்துப் பார்த்தார். விரல் சாம்பல் நிறமாகியது. புதுத் துணி ஒன்றை என்னிடம் தந்துவிட்டுக் கைகட்டி நின்றார். எனக்குக் காது சுட்டது. தெரிந்த அளவு இத்தாலிய மொழியில் சொன்னேன்:

"பெரியப்பா செத்துப்போனார். ஒரு மாதம் நான் கடவுளைத் தொடமாட்டேன்."

அவர் சிலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெரிதாகச் சிரித்தார். "இவர்களைக் கடவுள் என்று சொன்ன முதல் ஆள் நீதான்!"

அன்றிலிருந்து வருகிற ஒவ்வொரு கூட்டத்துக்கும் இந்தக் கதையைச் சொன்னார். தூசியைக் காட்டினார், பிறகு என்னைக் காட்டினார். படம் எடுத்தார்கள். நான் துடைப்பங்கள் வைக்கும் அறைக்குள் போய் நிற்பேன், கூப்பிடுவார்.

"வாங்கோ அண்ணை, உங்களையும் சாமியாக்கிப்போட்டா" என்று மன்னார்ப் பெண் சிரிப்பாள்.

மாத முடிவில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்.

துடக்குக் கழிந்த மறுநாள் தலைக்குக் குளித்து, துவைத்த துணியோடு போனேன். சிஞ்ஞோரா ஓடிவந்து கையைப் பிடித்தார். "தொடாதே! தூசி அப்படியே இருக்கட்டும். சனம் அதைத்தான் கேட்கிறது."

அவர் உள்ளே போனதும் ஓடினின் பின்பக்கம் போய், தோளிலிருந்து குதிவரை முதுகை மட்டும் துடைத்தேன். இப்போதும் ஒவ்வொரு காலையும் அப்படித்தான். பன்னிரண்டு முதுகு. ஒரு காது சிஞ்ஞோராவின் சப்பாத்துச் சத்தத்திலேயே இருக்கும்.