ஆட்சேபனை இல்லை எனப் பதியப்பட்டது

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. யாராவது கருத்துக் கேட்டால் சொல்லிவிடுவேன். பாடசாலையில் அதிபர் கேட்டாலும் சொல்வேன், கல்யாண வீட்டில் புரியாணி எப்படி என்று கேட்டாலும் சொல்வேன். அதனால் எனக்கு நல்ல பெயரும் இல்லை, பதவி உயர்வும் இல்லை. ஆனாலும் அரசாங்கம் கேட்டபோது திரும்பவும் சொன்னேன்.

ஆசிரியர்களின் வட்சப் குழுவில் ஓர் இணைப்பு வந்திருந்தது. அரசாங்க அலுவலகங்கள் தங்கள் தீர்மானங்களை ஒளிவுமறைவில்லாமல் மக்களுக்குக் காட்ட வேண்டும் என்று ஒரு கொள்கை தயாராகிறதாம். வரைவு இணையத்தில் கிடக்கிறது, யாரும் வாசித்துக் கருத்து எழுதலாம் என்றிருந்தது. அந்தக் கிழமை நான் நல்ல கோபத்தில் இருந்தேன். சவளக்கடைப் பக்கம் எங்களுக்கு இருக்கும் வயல் வாய்க்காலின் ஆகக் கடைசியில் கிடக்கிறது. சிறுபோகத்தில் கதிர் வெளிவரும் நேரம் பார்த்து எங்கள் முறைக்குத் தண்ணீர் வரவில்லை. முறையை மாற்றியிருந்தார்கள். யார் மாற்றினார், ஏன் மாற்றினார் என்று கேட்டு என் கணவர் நாலு தரம் அலுவலகத்துக்கு அலைந்தார். நாலு தரமும் மேலே கேட்கச் சொன்னார்கள். மேலே என்பது எங்கே என்று ஒருவரும் சொல்லவில்லை. வெட்டும்போது பாதிக்கு மேல் பதர்.

அதைத்தான் எழுதினேன். ஒவ்வொரு வாய்க்காலுக்கும் தண்ணீர் திறக்கும் முறையை முன்கூட்டியே தமிழிலும் போட வேண்டும், மாற்றினால் மாற்றியவரின் பதவியையும் காரணத்தையும் அன்றைக்கே எழுத வேண்டும் என்று இரண்டு வரி. அவ்வளவுதான். ஒரு மாதம் கழித்துக் கொழும்பிலிருந்து அழைத்தார்கள். என் இரண்டு வரியும் வரைவில் ஒரு பிரிவாகச் சேர்ந்துவிட்டதாம், என்னையும் மாவட்டத்துக்கான பொதுமக்கள் உறுப்பினராகப் போட்டிருக்கிறார்களாம், கூட்டமெல்லாம் இணையத்தில்தான், வீட்டிலிருந்தே வரலாம் என்றார்கள்.

என் கணவர் அதைப் பள்ளிவாசல் முற்றத்தில் ஒருவர் விடாமல் சொல்லி முடித்தார். எங்கள் பக்க வயல்களின் தண்ணீரையும் வேலியையும் பார்க்கும் வட்டவிதானையார் வீட்டுக்கே வந்துவிட்டார். "டீச்சர், அந்த ஒரு விசயத்த மட்டும் விட்டுராதீங்க. அது வந்திச்செண்டா நாங்க ஆர்ட காலயும் பிடிக்கத் தேவல்ல" என்றார். நான் பெரிய ஆள் மாதிரித் தலையாட்டினேன்.

கூட்டங்கள் சனிக்கிழமைகளில் நடந்தன. சிங்களத்திலும் இங்கிலிசிலும் கதைப்பார்கள், தமிழில் ஒருவர் மொழிபெயர்ப்பார். அவர் ஒரு வசனத்தை முடிப்பதற்குள் அங்கே நாலு வசனம் போய்விடும். நான் ஏதும் சொல்ல வாயெடுக்கும்போது விசயம் அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கும். வீட்டில் முக்காடில்லாமல் இருப்பதால் கேமராவை மூடியே வைத்திருப்பேன். திரையில் என் இடத்தில் ஒரு கறுப்புச் சதுரம், அதில் என் பெயர். மூன்றாம் கூட்டத்துக்குப் பிறகு எனக்கு அலுத்துவிட்டது. ஆனால் ஊருக்குள் எப்படிச் சொல்வது? கடையில் மரக்கறி வாங்கப் போனாலும் "எப்பிடி டீச்சர், தண்ணி விசயம்?" என்று கேட்டார்கள்.

ஐந்தாம் கூட்டத்தில்தான் அது நடந்தது. பதினொரு மணிக்குத் தொடங்கிய கூட்டம் முடிவதாக இல்லை. பன்னிரண்டு பத்துக்கு லுஹர் பாங்கு சொன்னது. போனைக் குளிர்சாதனப்பெட்டிக்கு மேல் சார்ஜில் போட்டுவிட்டு, கூட்டத்திலிருந்து வெளியேறாமலே தொழப் போனேன். பேருந்தில் இருக்கையில் பையை வைத்துவிட்டு இறங்கித் தண்ணீர் வாங்கப் போவதில்லையா, அந்த எண்ணம்தான். என் பெயர் அங்கே இருக்கிறது, என் இடத்தை யார் எடுக்கப் போகிறார்கள்?

தொழுது முடிக்கக் கால் மணித்தியாலம் போதும். அன்றைக்கும் அவ்வளவுதான் போனது. பிறகு நான் போனிடம் போகவில்லை. கொடியிலிருந்து எடுத்துவந்த உடுப்பு கட்டிலில் குவிந்து கிடந்தது, உட்கார்ந்து ஒவ்வொன்றாக மடித்தேன். அவசரமான வேலையே இல்லை, அந்தக் குரல்களைக் கேட்க விருப்பமில்லாமல்தான் மடித்தேன். பள்ளிவாசலிலிருந்து திரும்பியிருந்த என் கணவர் எதிரே கதிரையில் சோறு தின்றுகொண்டிருந்தார். "கூட்டம் முடிஞ்சிட்டா?" என்று கேட்டார். "அது கிடக்கட்டும், அவங்க கதைச்சி முடிக்க மாட்டாங்க" என்றேன். ஒரு மணிக்குப் போய்ப் பார்த்தபோது நன்றியுரை ஓடிக்கொண்டிருந்தது.

நாலு நாளில் கூட்ட அறிக்கை வந்தது. என் பிரிவில் "வேண்டும்" என்பது போய் "வசதிக்கேற்ப முயற்சிக்கலாம்" என்று வந்திருந்தது. கீழே, பன்னிரண்டு ஐம்பதுக்குத் திருத்தம் முன்வைக்கப்பட்டதாகவும், அந்த மாவட்ட உறுப்பினர் சமுகமளித்திருந்ததாகவும், ஆட்சேபனை இல்லை எனப் பதியப்பட்டதாகவும் இருந்தது. என் நிக்காஹ் அன்று வாப்பா வந்து சம்மதமா என்று கேட்டபோதும் நான் வாய் திறக்கவில்லை. அதைச் சம்மதமாகத்தான் எடுத்தார்கள், அது சரியாகவும் இருந்தது. ஆனால் வாப்பா குனிந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனார். இங்கே ஒரு கறுப்புச் சதுரத்திடம் கேட்டுவிட்டு எழுதிக்கொண்டார்கள்.

விலகிவிடலாம் என்று பார்த்தேன். அந்தப் பக்கத்தில் உறுப்பினராகச் சேர வழி இருந்தது, விலக வழி இல்லை. மின்னஞ்சல் போட்டேன். உறுப்பினரின் கருத்து ஏற்கனவே பதியப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது. பதிந்ததை மாற்ற ஒரே வழிதான் இருந்தது. பொதுமக்கள் சேர்ந்து ஆட்சேபனை எழுதி, அதை உறுப்பினரின் கணக்கிலிருந்தே பத்து நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். உறுப்பினர் ஏன் பங்குபற்ற முடியவில்லை என்பதற்கு மூன்று காரணங்களையே ஏற்பார்களாம்: சுகவீனம், இணைப்புத் துண்டிப்பு, சமயக் கடமை. நான் கூட்டம் முடியும்வரை இணைப்பில் இருந்தது அவர்களுடைய பதிவிலேயே இருக்கிறது. ஓர் உடுப்பைப் பத்துத் தரம் மடித்துக்கொண்டிருந்தேன் என்பதற்கு அங்கே இடமில்லை.

அதற்குள் ஊரில் விசயம் பரவிவிட்டது. வட்டவிதானையார் போன் எடுத்துக் கேட்டபோது, "நான் அந்த நேரம் தொழுதுக்கிட்டு இருந்த" என்று சொல்லிவிட்டேன். வாயிலிருந்து அது தானாக வந்தது. சொன்ன மாத்திரத்தில் எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் திருத்தவில்லை. என் கணவர் பக்கத்து அறையில் இருந்தார். அவருக்குக் கேட்டிருக்கும்.

எட்டாம் நாள் பின்னேரம் வட்டவிதானையாரும் வேறு ஐந்து வயற்காரரும் வீட்டுக்கு வந்தார்கள். ஊரில் கடிதம் என்றால் நான்தான் எழுதிக் கொடுப்பது. மடிக்கணினியை மேசையில் வைத்து உட்கார்ந்தேன். அவர்கள் என்மேல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"டீச்சர், ஒங்கள இதுல குத்தம் சொல்ல வரல்ல" என்றார் வட்டவிதானையார். "அல்லாஹ்ட கடமையச் செஞ்சிட்டு இருந்த ஆள, ஒத்துக்கொண்டா எண்டு எழுதினதுதான் பிழை. அதத்தான் முதலாவதாப் போடணும்."

"நான் தொழுது முடிச்சிட்டும் கொஞ்சம் சுணங்கித்தான்..." என்று தொடங்கினேன்.

"அத விடுங்க. தொழுதா துஆ கேக்கிறதில்லையா, தஸ்பீஹ் ஓதுறதில்லையா? அதுவும் தொழுகைதான். வேற என்ன காரணத்தப் போட்டாலும் இது நிக்காது டீச்சர். நீங்களே வாசிச்சுப் பாருங்க."

வாசிக்கத் தேவையில்லை, எனக்கு மனப்பாடம். உண்மையைச் சொன்னால் அந்த இரண்டு வரியும் போய்விடும், அடுத்த சிறுபோகத்திலும் முறையை யாரோ மாற்றுவார்கள், இந்த ஆறு பேரும் மேலே என்ற இடத்தைத் தேடி அலைவார்கள். சொல்லாவிட்டால் தொழுகையின் பெயரால் ஒரு பொய்யை எழுதி, அரசாங்கத்துக்கு, என் கணக்கிலிருந்தே அனுப்புகிறேன். ஆறு பேரும் என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடித்தேன். பன்னிரண்டு ஐம்பதுக்குத் திருத்தம் முன்வைக்கப்பட்ட வேளை உறுப்பினர் லுஹர் தொழுகையில் ஈடுபட்டிருந்தார் என்று அடித்து, அவர்களுக்கு வாசித்தும் காட்டினேன். ஒவ்வொருவராகத் தங்கள் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் சொன்னார்கள். அதையும் அடித்தேன்.

அனுப்பப் போகும்போது வட்டவிதானையாருக்கு ஒரு யோசனை வந்தது. வாசல் நிலையில் சாய்ந்து நின்ற என் கணவரைப் பார்த்தார்.

"காக்கா, அண்டைக்கு நீங்களும் வீட்டதானே இருந்த?"

"ஓம்."

"டீச்சர் அந்த நேரம் தொழுதுக்கிட்டு இருந்ததக் கண்ட நீங்கதானே?"

என் கணவர் வயல் வரம்பில் அரை அடிக்கும் பொய் சொல்லாதவர். அதனால் எங்களுக்கு நட்டம் வந்திருக்கிறது, நானே அவரை ஏசியிருக்கிறேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மேசைக்குக் கீழே எங்கேயோ பார்த்தார்.

"ஓம்" என்றார். "கண்ட."

"அப்ப அதையும் சாட்சியாப் போடுங்க டீச்சர்" என்றார் வட்டவிதானையார். "பள்ளிக்குத் தவறாத மனுசன்ட சொல்ல ஆரும் தட்டமாட்டாங்க."

இருபத்தாறு வருடத்தில் அவர் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தரம். சாட்சி என்ற இடத்தில் அவர் பெயரை அடித்தேன். அடையாள அட்டை இலக்கம் என்ன என்று அவரிடமே கேட்டேன், அவர் ஒவ்வோர் எண்ணாகச் சொன்னார்.