அறிமுக உரையில் விடுபட்ட வேலை

ஒஸ்லோப் பக்கத்துத் தமிழ்ச் சனத்திடம் மைக் என்றால் மரியமலர்தான். கிறிஸ்மஸ் ஒளிவிழாவோ, நூல் வெளியீடோ, மேடைக்கு ஆட்களை அழைப்பதற்கு அவரைத்தான் பிடிப்பார்கள். யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைக்காரி. கணீரென்ற குரல்.

அறிமுகம் செய்வதில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. ஆளின் படிப்பு, ஊரில் பார்த்த உத்தியோகம், வகித்த பதவி எல்லாம் ஒன்றுவிடாமல் வரும். நோர்வேயில் என்ன வேலை என்பது மட்டும் வராது. ஹோட்டலில் கோப்பை கழுவுகிறவர் மேடையில் முன்னாள் வங்கி அதிகாரி ஆகிவிடுவார். சும்மா சொல்லக்கூடாது, அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அவரவர் மானத்தைக் காப்பது தன் பொறுப்பென்று மரியமலர் நம்பினார். சனமும் அதற்காகவே அவரை விரும்பியது.

போன இலையுதிர் காலத்தில், ஒஸ்லோவுக்கு அருகே லில்லெஸ்ட்ரோமில் ஆப்பிரிக்க எழுத்தாளர்கள் கலந்துகொண்ட கூட்டம் ஒன்று நடந்தது. தொகுத்து வழங்க மரியமலரைக் கேட்டார்கள். கணவர் எலியாஸும் வேலை முடிந்த கையோடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். கென்யாக்காரர் கால்நடை மருத்துவர், செனகல்காரர் வரலாற்றுப் பேராசிரியர். இருவரையும் மரியமலர் நோர்வீஜிய மொழியில் அமர்க்களமாக அறிமுகம் செய்தார். மூன்றாவதாகக் கானாவின் அபேனா. "பல்கலைக்கழகத்தில் தாவரவியல் விரிவுரையாளராக இருந்தவர், பல ஆய்வுக் கட்டுரைகள் எழுதியவர்" என்று அழைத்தார். அபேனா இப்போது எல்லிங்ஸ்ருட்டில் ஒரு பாலர் பள்ளியில் உதவியாளர் என்பதும் கையிலிருந்த தாளில் இருக்கத்தான் செய்தது. மரியமலர் அதை அன்போடு விழுங்கிவிட்டார்.

அபேனா மைக்கை வாங்கினார். சிரிக்கவில்லை.

"நான் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்து, மழைச் சப்பாத்து மாட்டிவிடுகிற பெண். என் கதைகள் எல்லாம் அங்கேதான் பிறந்தன. அதைச் சொல்ல உங்களுக்கு ஏன் கூச்சம்? எனக்கு இல்லையே."

கூட்டம் கைதட்டியது. மரியமலரின் முகம் செத்துப்போயிற்று.

வீடு திரும்பும்போது, கார் ஸ்ட்ரோம்மன் தாண்டும்வரை பொருமித் தள்ளினார்.

"நல்லது நினைச்சுத்தானே செய்தனான்? இத்தினை பேருக்கு முன்னால என்னை இப்பிடிக் கேக்கலாமோ? நீங்களே சொல்லுங்கோ."

எலியாஸ் ஊரில் புவியியல் ஆசிரியர். இங்கே பஸ் சாரதி. மனைவியை எதிர்த்துக் கதைத்து அறியாதவர்.

"அவ கேட்டது சரி, மலர்," என்றார்.

"என்ன?"

"என்னையும் எத்தினை தரம் மேடைக்குக் கூப்பிட்டனீர். எப்பவும் புவியியல் ஆசிரியர்தான். அங்கை நான் படிப்பிச்சது கொஞ்சக் காலம். இஞ்சை வந்து இவ்வளவு காலமா பஸ் ஓட்டிறன். எனக்கு அந்த வேலை நல்ல விருப்பம். உமக்குத்தான் வெக்கம் எண்டு நினைச்சு, நானும் வாயைத் திறக்கேல்லை."

"வெக்கமோ? எனக்கோ?"

சீறிய வேகத்தில், அவரைப் பற்றி மேடையில் சொன்னதையெல்லாம் மனசுக்குள் புரட்டிப் பார்த்தார். கணவர் படிப்பித்த பள்ளிக்கூடம், வகுப்பு, அவரிடம் படித்துப் பெரிய ஆளானவர்கள் எல்லாம் மரியமலருக்கு மனப்பாடம். அவர் ஓட்டும் பஸ்ஸைப் பற்றி ஒன்றுகூடத் தெரியாது. தான் இத்தனை காலமும் இந்த மனுசனுக்கு என்ன செய்துவிட்டோம் என்று வெட்கமாக இருந்தது.

"இஞ்சேருங்கோ," என்றார் மெதுவாக. "நீங்கள் ஓட்டிற பஸ் எங்கையிருந்து எங்கை போறது?"