மகன் சொன்ன வீடு

பிறந்த நாட்டிலேயே குடியுரிமை கேட்டு விண்ணப்பித்திருந்தோம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், ஒரு மாசி மாதப் புதன்கிழமை, விசாரணைக்கு ஹட்டனுக்கு அழைத்தார்கள்.

நானும் என் மகனும் இலங்கையில், கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவர்கள். இந்திய வம்சாவளி என்று எங்களுக்குக் குடியுரிமை மறுத்திருந்தார்கள்; இந்தியாவை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் என் அப்பா எனக்குச் சொன்னதுபோல, துறையூர்ப் பக்கம் நமக்கொரு வீடு இருப்பதாக மகனுக்குக் கதை சொல்லி வைத்திருந்தேன். ஏழு வயதுப் பயல் அதில் ஒரு யானையையும் சேர்த்துக்கொண்டான். "எங்க யானைக்குச் சளி புடிச்சிருக்குங்க" என்று பள்ளிக்கூடத்தில் அவன் லீவு கேட்டதைச் சொல்லிச் சொல்லி லயமே சிரிக்கும்.

இலங்கையிலேயே நிலையாக இருக்கப்போகிறோம் என்று அதிகாரி நம்ப வேண்டும். எல்லாக் கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னேன். கடைசியில் அவர் மகனைப் பார்த்து, "தம்பி, உங்க வீடு எங்கே?" என்றார்.

"இந்தியாவுலங்க! கெணறு, மாமரம், யானை எல்லாம் இருக்குங்க. லயத்துல சும்மா கொஞ்ச நாளைக்குத்தான் இருக்கோம்."

"யானையுமா?" அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அவர் குனிந்து எழுதத் தொடங்கினார்.

"ஐயா, அது வெளையாட்டுக் கதைங்க."

அவர் நிமிரவில்லை.

வெளியே வந்ததும் மகன் என் கையைப் பிடித்தான். "நல்லா சொன்னேனாப்பா?"

"நல்லா சொன்னடா."

விண்ணப்பம் தள்ளுபடியானது. அவன் பேச்சுதான் காரணமா என்று இன்றும் எனக்குத் தெரியாது. அவனிடம் அதைப் பற்றி நான் பேசியதில்லை. ஆனால் அதன் பிறகு அவன் கதை கேட்டபோதெல்லாம், தூக்கம் வருகிறதென்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.