துடைக்காத லென்ஸ்

ரேணுகாதேவியை நல்லவள் என்று நான் சொல்ல மாட்டேன். நல்லவர்களுக்கு இத்தனை பொறுமை வராது.

கோவில்பட்டியில் நவநீதகிருஷ்ணன் நடத்திய ரத்தப் பரிசோதனை லேபில் அவளுக்கு மைக்ராஸ்கோப் பார்க்கும் வேலை. முதலாளியின் மச்சினன் சுடலைராஜ் ஒருநாள் மலேரியா சிலைடை, நூறு மடங்கு லென்ஸுக்கு உரிய எண்ணெய் விட்டுப் பார்த்தான். முடித்ததும், எண்ணெயே படக்கூடாத நாற்பது மடங்கு லென்ஸை அந்த எண்ணெய்க்குள்ளேயே திருப்பி விட்டுப் போய்விட்டான். மறுநாள் டெங்குக் காய்ச்சல்காரருக்கு பிளேட்லெட் எண்ண உட்கார்ந்த ரேணுகாவுக்கு எல்லாம் புகைமூட்டம்.

“லென்ஸ் மங்கலா இருக்கு அண்ணாச்சி. தொடைக்கணும்.”

“ஏட்டி, லென்ஸ் நல்லாத்தான் இருக்கு. ஒங் கண்ணுதான் அவிஞ்சு போச்சு!” பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் கேட்கக் கத்தி, வேலையை விட்டும் துரத்தினார் முதலாளி.

விஷயம் இவ்வளவுதான். கீழ் லென்ஸ் ரத்தத் துளியை நாற்பது மடங்காக்கி, குழாய்க்குள் தலைகீழாக ஒரு பிம்பம் விழ வைக்கும். கண் வைக்கும் மேல் லென்ஸ் அந்தப் பிம்பத்தை மறுபடி பத்து மடங்காக்கும். கூட்டிப் பார்க்கக்கூடாது, பெருக்க வேண்டும், நானூறு. கீழே அழுக்கு இருந்தால் மேலே அழுக்குதான் பெருகும். அவர் சொன்ன சொல்லும் அப்படித்தான் பெருகியது. கயத்தாறு வரை எந்த லேபிலும் அவளைச் சேர்க்கவில்லை.

நகையை அடகு வைத்துச் சொந்த லேப் போட்டாள். நவநீதகிருஷ்ணன் கடையை மூடியபோது ஆள் விட்டு அந்தப் பழைய மைக்ராஸ்கோப்பை வாங்கினாள். எல்லாவற்றையும் துடைத்தாள், அந்த ஒரு லென்ஸைத் தவிர.

போன ஐப்பசியில் காய்ச்சலோடு அவரே வந்தார். சுகர் பார்க்க நானும் பெஞ்சில் இருந்தேன். ரத்தம் எடுத்தவள், பழைய மைக்ராஸ்கோப்பில் வைத்து, “நீங்களே பாருங்க அண்ணாச்சி” என்றாள்.

குனிந்தார். திருகினார். “லென்ஸ் மங்கலா இருக்கும்மா.”

“லென்ஸ் நல்லாத்தான் இருக்கு. ஒங்க கண்ணுதான் அவிஞ்சு போச்சு!”

பெஞ்சே திரும்பிப் பார்த்தது. மனிதர் முகம் செத்துப்போனது. எனக்கு வயிறு குளிர்ந்தது, பொய் சொல்வானேன்.

பிறகு புது மைக்ராஸ்கோப்பில் ஒழுங்காக எண்ணி, “பிளேட்லெட் ரொம்பக் கொறைஞ்சிருக்கு. இப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க” என்று அவளே ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டாள். பிழைத்துக்கொண்டார்.

“இனி அதைத் தொடைச்சிரலாம்லா?” என்று கேட்டேன்.

பழைய மைக்ராஸ்கோப்புக்கு உறையை மாட்டினாள்.

“சுடலைராஜ் இன்னும் வரலையே அக்கா.”