கொழும்புக்குப் போக வேண்டிய கோடிச் சேலை

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்குத் தூத்துக்குடி பழைய பேருந்து நிலையத்தில் இறங்கினேன். கூடலூரில் வியாழன் மதியம் ஏறியது. ஊட்டி, கோவை, மதுரை என்று மாறி மாறி ஏறக்குறைய ஐந்நூறு கிலோமீட்டர். வழி முழுக்க ஒரு துணிப்பையை மடியிலேயே வைத்திருந்தேன். மேலே வைக்கச் சொன்ன கண்டக்டரிடம் உடையும் சாமான் என்று பொய் சொன்னேன். உள்ளே இருந்தது ஒரு சேலை. கருநீல உடம்பு, அரக்குக் கரை.

அது கோடிச் சேலை. எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணின் கணவர் இறந்தால், பதினாறாம் நாள் கருமாதியில் அவள் பிறந்த வீட்டார் புதுச்சேலை கொண்டுவந்து எல்லார் முன்னிலையிலும் அவள் மேல் போர்த்த வேண்டும். கோடி வராத பெண்ணை, கேட்க ஆளில்லாதவள் என்று ஊர் அன்றே முடிவு கட்டிவிடும். இறந்தவர் என் மாமா. சேலை போக வேண்டியது என் அத்தைக்கு. அத்தை இருப்பது இலங்கையில், ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். கருமாதி ஞாயிற்றுக்கிழமை.

அப்பாவும் அந்த லயத்தில்தான் பிறந்தார். இலங்கை சுதந்திர நாடானபோது, அங்கே தேயிலை பறித்துக்கொண்டிருந்த எங்கள் சனத்தைக் குடிமக்கள் இல்லை என்று சட்டம் சொன்னது. பிறகு இரண்டு அரசுகளும் உட்கார்ந்து ஆட்களைப் பங்கு பிரித்தன. தாத்தா இந்தியாவுக்கென்று கைநாட்டு வைத்தார். அத்தை அதற்குள் கல்யாணமாகிப் போயிருந்தார். மாமா வீட்டார் கைநாட்டு வைத்தது இலங்கைக்கு. கப்பல் ஏறும்போது அப்பாவுக்கு ஒன்பது வயது. அதற்குப் பிறகு அக்காவை நேரில் பார்க்கவில்லை.

இந்த முறை எப்படியும் போவது என்று அவசரப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டோம். எழுதியவன் நான். வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் என்பதால் காகிதம் என்றால் என் வேலை. அப்பா சொன்ன பெயரை அப்படியே எழுதினேன். கப்பலில் வந்திறங்கியதும் அகதி முகாமில் பதிந்துகொண்ட பழைய காகிதத்தில் வேறு பெயர் இருந்ததை நான் பார்க்கவில்லை. விண்ணப்பம் திரும்பி வந்தது. "போகட்டும்யா. சேலையாவது போகணும்," என்றார் அப்பா. கூரியரில் பத்து நாள் ஆகும் என்றார்கள். என்னோடு வேலை பார்க்கும் தூத்துக்குடி ஆசிரியர்தான், கொழும்புக்குத் தோணி போகிறது என்று சொல்லி ஒரு தண்டலின் எண்ணைக் கொடுத்தார். தோணியை ஓட்டிப்போகும் தலைவரை இங்கே தண்டல் என்கிறார்கள். வெள்ளி மதியம் கிளம்பினால் சனி மாலை கொழும்பு. அங்கே அத்தை மகன் வந்து வாங்கிக்கொள்வான். எங்கள் குடும்பக் கதை முதற்கொண்டு எல்லாம் தண்டலிடம் போனில் பேசி வைத்திருந்தது.

பேருந்து நிலையத்திலிருந்து பழைய துறைமுகம் இரண்டு கிலோமீட்டர் இருக்கும். ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய்.

"துறைமுகத்துல வேலையா சார்?" என்றார் ஓட்டுநர்.

"இல்லண்ணே. வாத்தியார்."

"வாத்தியாருக்குத் தோணில என்ன சோலி? கருப்பட்டி ஏத்தப் போறீயளோ?" என்று சிரித்தவர், பீச் ரோட்டில் திரும்பியதும் கடலைப் பார்த்து வண்டியை மெதுவாக்கினார். "தண்ணி கிடக்க கிடையைப் பாரும். வச்ச எண்ணெய் மாதிரி. இப்படிக் கிடந்தா எனக்குப் பிடிக்காது."

எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இவ்வளவு அமைதியான கடலில் ஒரு சேலைக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

ஏழேகால். துறைமுக வாசலுக்கு எதிரே ஒரு டீக்கடை. உள்ளே போக அனுமதிச் சீட்டு வேண்டும் என்பதால் தண்டல் சேவியர் அண்ணாச்சி வெளியே வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், கழுத்தில் மாதா சுரூபம், தோளில் துண்டு. மதிலுக்கு மேலே தோணிகளின் பாய்மரங்கள் வரிசையாகத் தெரிந்தன. மாலத்தீவுக்குப் போகிறவைதான் அதிகம். கொழும்புக்கு எப்போதாவது ஒன்று. அண்ணாச்சியின் தோணியில் வெங்காயம் ஏற்றி முடித்துத் தார்ப்பாய் கட்டியாகிவிட்டதாம்.

"கொண்டாங்க. என் துணியோட துணியா வச்சுக்கிடுதேன்," என்று பையை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பேப்பர் கையெழுத்தாக வேண்டும், பத்து மணிக்கு உள்ளே போனால் போதும் என்றார். என் கையில் ஒன்பதாம் வகுப்புப் புத்தகம் இருந்தது. திங்கட்கிழமைப் பாடத்துக்காக எடுத்து வந்தது.

"என்ன பாடம் சார்?"

அமெரிக்காவில் இங்கிலாந்து ராஜாவுக்குக் கீழே பதின்மூன்று குடியேற்றங்கள் இருந்ததையும், எங்களைக் கேட்காமல் எங்களுக்கு வரி போடாதே என்று அவர்கள் சண்டைக்கு நின்றதையும், கப்பலில் வந்த தேயிலையைப் பெட்டி பெட்டியாகக் கடலில் கொட்டியதையும் சொன்னேன்.

"தேயிலையையா? கடல்லயா?" அண்ணாச்சி டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "எங்க தோணில ஒரு மூடை குறைஞ்சா எங்க உசுரை எடுத்துருவாங்க. அவங்க பெட்டியைக் கவுத்திட்டு நாடே வாங்கிட்டாங்களா! கேட்டீரா வே?"

கடைக்காரர் சிரித்தார். "நீரும் வெங்காயத்தைக் கொட்டிப் பாருமே அண்ணாச்சி."

பிறகு பல வருடம் போர் நடந்ததையும், பதின்மூன்றும் சேர்ந்து ஒரே நாடானதையும் சொன்னேன். அண்ணாச்சி விடவில்லை. "சரி சார். அங்கன ராஜா பக்கம் நின்னவனும் இருந்திருப்பானே. அவன் கதி?"

"ரொம்பப் பேரு கப்பலேறிப் போயிட்டாங்க. வடக்க கனடாப் பக்கம், இங்கிலாந்துக்கு."

"அப்ப உங்க ஆளுக மாதிரி."

"இல்லண்ணாச்சி. எங்க ஆளுக எந்தப் பக்கமும் நிக்கல."

அவர் ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தார். இந்தப் பாடத்தை மூன்று வருடமாக நடத்துகிறேன். கப்பலேறிப் போனவர்களைப் பற்றி ஒருமுறைகூட வகுப்பில் சொன்னதில்லை.

ஒன்பது நாற்பதுக்குக் கடைக்காரர் ரோட்டுக்கு வந்து துறைமுகப் பக்கம் கையைக் காட்டினார். "அண்ணாச்சி, கூண்டு ஏத்துதான்."

கொடிமரத்தில் கறுப்பாக ஒன்று மேலே ஏறியது. மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு. காற்று இல்லை, மழை இல்லை, கடல் அதே எண்ணெயாகத்தான் கிடந்தது. அண்ணாச்சி எழுந்து உள்ளே போய், முக்கால் மணி நேரம் கழித்து வந்தார்.

"எந்தத் தோணியும் போகக் கூடாதுன்னுட்டான். திங்கள் செவ்வாய்க்கு முந்தி ஒண்ணும் நடக்காது சார்." பையை இரண்டு கையாலும் எடுத்து என் மடியில் வைத்தார். "கொழும்பு நூத்தம்பது கடல்மைல்தான். உங்க ஊரு இதைவிடத் தூரம். ஆனா என்ன செய்ய? வச்சிட்டுப் போங்க, கூண்டு இறங்குனதும் கொண்டு போறேன்."

நாள் கடந்த கோடியைப் போடக் கூடாது என்றேன். போட்டால் வீட்டில் இன்னொரு சாவு என்று நம்புவார்கள். அண்ணாச்சிக்கு உடனே புரிந்துவிட்டது.

அப்பாவைக் கூப்பிடப் பயந்து அத்தையைக் கூப்பிட்டேன். பின்னால் ஆட்களின் சத்தம். அத்தை வெளியே வந்து பேசினார்.

"கப்பல் போகாதாம் அத்தை. புயலாம்."

"அப்பனுக்குச் சொல்லிட்டியா?"

"இல்ல அத்தை."

"சொல்லாத மருமகனே. எங்கப்பன் கைநாட்டு வச்ச அன்னைக்கு உங்கப்பன் என் முந்தானையை விடாம அழுதான். இதுக்கும் அழுவான். சேலை என்ன நிறம்?"

"கருநீலம்."

"கரை?"

"அரக்கு. ரெண்டு விரல் அகலம் இருக்கும்."

"யாரு எடுத்தது?"

"அப்பாதான். வெள்ளை வேணாம்னு சொல்லி, நாலு கடை ஏறி இறங்கி எடுத்தாரு."

அத்தை அழுதது அப்போதுதான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்: "ஹட்டன் டவுன்ல இருக்கும். நானே போய் எடுத்துக்கிறேன். மகன்கிட்ட குடுத்து, தாய்வீட்டுக் கோடி வந்துருச்சின்னு எல்லார் முன்னாடியும் போடச் சொல்றேன். நீயும் ஏத்தியாச்சுன்னு சொல்லிடு. ரெண்டு பேரும் ஒண்ணாச் சொல்லணும், சரியா?"

தன் கோடியைத் தானே வாங்கப் போகிறார். சரி அத்தை என்றேன்.

மாலையில் திருநெல்வேலி பாசஞ்சரில் ஏறினேன். கிளம்பும்போதே காற்று எழும்பிவிட்டது. மீளவிட்டான் தாண்டித் தட்டப்பாறையில் வண்டி நின்றது. தாத்தாவின் அப்பாவை இலங்கைத் தோட்ட வேலைக்கு ஆள் பிடித்துக் கொண்டுபோனபோது, கப்பலுக்கு முன்னால் சில நாள் இங்கே முகாமில் அடைத்து வைத்திருந்தார்கள் என்று வீட்டில் சொல்வார்கள். பெயர்ப்பலகையும் உடைமரமும் தெரிந்தன. முகாம் எந்தப் பக்கம் என்று பார்ப்பதற்குள் அப்பாவின் அழைப்பு வந்தது.

"ஏத்திட்டியாய்யா?"

"ஏத்தியாச்சுப்பா."

பை மடியில் இருந்தது. சாவுக்கு வாங்கிய கோடியை வீட்டுக்குள் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது. சனிக்கிழமை ஊர் வந்ததும் முதலில் பள்ளிக்கூடத்துக்குப் போய், வாட்ச்மேனிடம் சாவி வாங்கி, என் மேசை இழுப்பறையில் அதை வைத்துப் பூட்டினேன்.

ஞாயிறு மதியம் அத்தை மகன் படம் அனுப்பினான். அத்தை தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார். மேலே கருநீலச் சேலை. நீலம் சரிதான். கரை மட்டும் அரக்கு இல்லை, செங்கல் நிறம். ஒரு விரல் அகலம்தான்.

அப்பா போனை வாங்கி வாசலுக்குப் போய் வெளிச்சத்தில் பார்த்தார். விரலால் பெரிதாக்கி, அக்காவின் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு படத்தை நகர்த்திக் கரையைப் பார்த்தார். நான் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

"கடல் காத்துல சாயம் கொஞ்சம் வெளுத்திருக்குபோல," என்று சொல்லி, போனை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.