கரும்பச்சையாக நின்ற பேச்சியக்கா வயல்

டிஏபி உர மூட்டையைப் பிரித்ததும் மூக்கில் ஏறும் அந்த நெடி... ஸ்ரீவைகுண்டத்தில் நான் உரக்கடை போட்ட முதல் வருஷம், அந்த நெடிக்கே வழியில்லாமல் போனது. உரக்கப்பல் தூத்துக்குடி துறைமுகத்துக்கு வெளியே காத்து நின்றது. கடையில் யூரியா மட்டும்தான்.

அப்போதுதான் பேச்சியக்கா வந்தார். என் முதல் வாடிக்கை. குத்தகை வயல், அதை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பு இல்லை. நட்டு மூன்று வாரம் ஆன நெற்பயிர் ஒன்றை வேரோடு பிடுங்கிக் கையில் வைத்திருந்தார்.

"பக்கத்து வயல்லெல்லாம் தூர் கட்டிக் கொத்துக் கொத்தா நிக்கி அண்ணாச்சி. எனக்கு மட்டும் ஒத்தை ஒத்தையா நிக்கி. டிஏபி போடணுமோ?"

ஆமாம் என்றால் எதிர்க்கடைக்குப் போய்விடுவார். அங்கே பழைய ஸ்டாக் இருந்தது.

இலை நல்ல கரும்பச்சை. வேர் ஒரு சாணுக்கு மேல்.

"இந்தப் பச்சைக்கு என்னக்கா குறை? வேர் எப்படி ஓடிருக்கு பாருங்க. ஒண்ணும் போட வேண்டாம்."

முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அன்றைக்கு விருப்பமில்லை...

நாலாம் நாள் பேச்சியக்கா தன் தங்கை மகள் வேணியோடு வந்தார். அவள் கோயம்புத்தூரில் பயிர் மரபியல் படித்துக்கொண்டிருந்தாள். அந்த வயலில் பிடுங்கிய பயிர் ஒன்றை மேஜைமேல் போட்டாள்.

"இது செழிப்பு இல்ல அண்ணாச்சி, பசி. டிஏபில இருக்கிற பாஸ்பேட் மண்ணுல போதுமான அளவு இருந்தா பயிருக்குள்ள ஒரு புரதம் பிரேக் பிடிச்ச மாதிரி நிக்கும். குறைஞ்சா பிரேக் விட்டுரும், ஏகப்பட்ட ஜீன் முழிச்சுக்கிடும். வேரை நீட்டித் தேடு, பழைய இலையில உள்ளத எடுத்துப் புது இலைக்குக் குடு, இப்போதைக்குத் தூர் கட்டாதன்னு பயிரே உத்தரவு போடுது."

"அப்ப பச்சை?"

"இலை விரியாம சின்னதா நிக்கி. பச்சை அதுல அடர்ந்து தெரியுது."

"ஏளா, ஜீன் கெடக்கட்டும்," என்றார் பேச்சியக்கா. "இனி தூர் கட்டுமா, கட்டாதா?"

"இன்னிக்கே போட்டா கொஞ்சம் கட்டும். தள்ளிப்போட்டா கஷ்டம்."

நான் எழுந்து எதிர்க்கடைக்கு நடந்தேன்.

"ஏலே, ஒன் கடைக்கு வழி மறந்துபோச்சா?" என்று கேட்டுச் சிரித்தான் அந்தக் கடைக்காரன். காசைக் கொடுத்து இரண்டு மூட்டை டிஏபியை வண்டியில் ஏற்றி வந்தேன்.

"சரக்கு இருந்திருந்தா அன்னைக்கே போடச் சொல்லிருப்பேன்க்கா," என்று ஒத்துக்கொண்டேன்.

"தெரியும் அண்ணாச்சி. ஒம்ம கடை காலியா கெடந்தது ரோட்டுல நின்னாலே தெரியுது. அதான் இவளக் கூட்டிட்டு வந்தேன்."

தூர் கொஞ்சம் கட்டியது. மகசூல் பக்கத்து வயலைவிடக் குறைவுதான். குத்தகை நெல்லை அளந்தது போக மிச்சம் வீட்டுக்குப் போனது. அடுத்த போகத்துக்கு உரம் வாங்கினார்... எதிர்க்கடையில்.

இப்போது துறைமுகத்துப் பக்கம் எனக்குச் சொந்தக் குடோன். கப்பல் எங்கே வருகிறது என்று போனிலேயே பார்க்கிறேன். விவசாயிகள் இலையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். மண் பரிசோதனைச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, பலருக்கு "பாஸ்பேட் ஏற்கெனவே நெறைய கெடக்கு, இந்த வருஷம் வேண்டாம்" என்று பதில் போடுகிறேன்.

பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்று வரும். அவ்வளவுதான். பேச்சியக்கா மாதிரி யாரும் சந்தேகப்பட்டு ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு கேட்க வருவதில்லை.

சொன்னதை அப்படியே நம்பிவிடுகிறார்கள்... வியாபாரிக்கு அது நல்லதுதான். எனக்குத்தான் சில நாள் கொஞ்சம் பயமாக இருக்கிறது.