மாமாவின் இதயம் ரெட்டியார்சத்திரத்தில் வளர்கிறது

"தாத்தாவோட புது இதயத்தை எப்பம்மா எடுத்து வைப்பாங்க?"

ஒன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகள் பல் தேய்க்கும்போது இதைக் கேட்கிறாள். ஜெபமாலை சொல்லி முடிக்கும் முன்பும் கேட்கிறாள். நான் விலங்கியலில் பட்டம் வாங்கியவள். தவளையின் இதயத்தைப் பிரித்துப் பாகம் குறித்து மதிப்பெண் வாங்கியவள். ஆனாலும் இந்த ஒரு கேள்விக்கு மட்டும், "வாயைக் கொப்பளி, ஸ்கூலுக்கு நேரமாச்சு" என்பதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை.

அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. ரெட்டியார்சத்திரம் பக்கம் என் மாமனாரின் தம்பி, சின்ன மாமாவின் தோட்டத்தில் இருக்கும் ஒரு பன்றிக்குட்டிக்குள், தன் தாத்தாவுக்கான இதயம் வளர்ந்துகொண்டிருப்பதாக உண்மையாகவே நம்புகிறாள். அந்த நம்பிக்கை எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் மாமனார் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். அத்தை காலமான பிறகு திண்டுக்கல்லில் எங்களோடு இருக்கிறார். போன மழைக்காலத்தில் கோயில் படி ஏறும்போது மூச்சு வாங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டார். மதுரையில் காட்டினோம். இதயத் தசை தளர்ந்துவிட்டது என்றார்கள். மாத்திரை, உப்புக் குறைத்த சாப்பாடு, அளந்து குடிக்கும் தண்ணீர். வேறு இதயம் பொருத்தலாமா என்று என் கணவர் கேட்டார். வயதும் சிறுநீரகமும் அதற்கு இடம் கொடுக்காது என்று டாக்டர் பக்குவமாகச் சொன்னார். மாமா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஞாயித்துக்கிழமை பன்னிக்கறி?"

அதுவும் கூடாது என்றதும்தான் அவர் முகம் வாடியது. எங்கள் வீட்டில் ஞாயிறு என்றால் காலைப் பூசை, அடுத்தது மிளகு தட்டிப் போட்ட பன்றிக்கறி வறுவல். இப்போது பக்கத்து வீட்டில் கறி வதங்கும் நேரத்துக்குச் சரியாக மாமா தன் நாற்காலியை ஜன்னலோரம் நகர்த்திக்கொள்கிறார். "வாசத்துல உப்பு இல்ல தாயி. டாக்டரு கோவிக்க மாட்டாரு" என்கிறார்.

அவர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய வாரம், அவருடைய தம்பியின் தோட்டத்தில் பன்றி குட்டி போட்டிருந்தது. அண்ணன் எழுந்து நடந்தால் ஒரு குட்டியைப் புனிதருக்கு விடுவதாகச் சின்ன மாமா நேர்ந்துகொண்டார். அவர்கள் ஊர்த் திருவிழாவில் நேர்ந்துவிட்ட ஆடு, கோழி, பன்றி எல்லாவற்றுக்கும் மாலை போட்டுக் கொண்டுவந்து, பாதிரியார் தீர்த்தம் தெளிக்க மந்திரிப்பார்கள். பிறகு கோயில் வாசலிலேயே ஏலம் விடுவார்கள். நேர்ந்த குடும்பம் மட்டும் ஏலம் கேட்கக்கூடாது. கொடுத்ததைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவரக்கூடாது என்பது கணக்கு. அதுவரை அந்தக் குட்டியை அடிக்கவும் மாட்டார்கள், விற்கவும் மாட்டார்கள்.

இது இப்படி இருக்க, ஒரு நாள் காலை மாமா பேப்பரை மடக்கிக்கொண்டு சிரித்தார்.

"பாத்தியா தாயி, வெளிநாட்டுல பன்னியோட இதயத்தை மனுசனுக்கு வச்சிருக்கானுக. கறியா உள்ள போனா ஆகாதாம். முழுசாப் போனா ஆகுமாம்."

பால் குடித்துக்கொண்டிருந்த மகள், எப்படி என்று கேட்டாள். அங்கே நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். படித்த அம்மா இல்லையா, விளக்கினேன். நம் உடம்பு தெரியாத ஆளை உள்ளே சேர்க்காது, எதிரி என்று நினைத்து விரட்டும். அதனால் விஞ்ஞானிகள் பன்றியின் மரபணுக்களில் சிலவற்றை வேலை செய்யாமல் நிறுத்தி, மனித மரபணுக்கள் சிலவற்றைச் சேர்த்து, நம் உடம்புக்குப் பழகின ஆள்போல அதை மாற்றுகிறார்கள் என்றேன். ஆறு வயதுக் குழந்தைக்கு இதைவிட எளிமையாக யாரும் சொல்லியிருக்க முடியாது என்று கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அப்படி இதயம் பெற்ற முதல் ஆட்கள் சில வாரங்கள், மிஞ்சினால் ஓரிரு மாதங்கள்தான் இருந்தார்கள் என்பதைச் சொல்லவில்லை. பால் குடிக்கும் பிள்ளையிடம் அதை எதற்குச் சொல்வது?

அந்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனோம். ஒரு குட்டி மட்டும் தனிப் பட்டியில் நின்றது.

"இது மட்டும் ஏன் தனியா இருக்கு?"

"தாத்தா நல்லாகணும்னு விட்டிருக்கு பாப்பா" என்றார் சின்ன மாமா. "நல்லாத் தின்னு, நல்லா வளரணும்."

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்ட முகம். அவளுக்கு எது புரிந்தது என்பது எனக்கு அடுத்த வாரம்தான் தெரிந்தது. மாமாவின் பழைய துண்டு ஒன்றைத் தன் பையில் மடித்து வைத்திருந்தாள்.

"இது எதுக்குடி?"

"குட்டி படுக்கறதுக்கு. தாத்தா வாசம் பழகணும்ல? தெரியாத ஆளுன்னு தாத்தா உடம்பு வெரட்டிருச்சுன்னா?"

மரபணு மாற்றம் எங்கள் தோட்டத்தில் இப்படித்தான் ஆரம்பித்தது. துண்டோடு நிற்கவில்லை. குட்டிக்குக் காய்ச்சும் கஞ்சியில் உப்புப் போடக்கூடாது என்று உத்தரவு போட்டாள். பட்டியைத் திறந்துவிட்ட நேரத்தில் மற்ற குட்டிகளோடு அது ஓடினால், "மெதுவா ஓடு, தாத்தாவுக்கு மூச்சு வாங்கும்" என்று அதட்டினாள். குரலும் பழக வேண்டும் என்பதால், சின்ன மாமா போனைக் குட்டியின் காதில் பிடிக்க, இந்தப் பக்கம் மாமா பேசினார்.

"ஏலே அப்பு, நல்லா இருக்கியாலே? அங்க என்ன வெஞ்சனம்? இங்க சுரைக்காய்தான். நீ வந்தப்பறமாவது நல்லதாப் போடுவாகளான்னு பாப்போம்."

மறுமுனையில் குட்டி உறுமியது. "சரிங்குது" என்றார் மாமா. மகள் கைதட்டினாள். நான் மட்டும் கவலைப்பட்டுக்கொண்டு நின்றேன். இதயம் தரும் பன்றிகளைக் கிருமி அண்டாத தனிக் கட்டடத்தில் வளர்ப்பார்கள் என்று படித்திருந்தேன். எங்கள் ஆளோ போன ஞாயிறு பார்த்தபோது சேற்றில் மல்லாந்து கிடந்தது. பிறகுதான், அது சேற்றில் கிடந்தால் என்ன, நானுமா நம்பத் தொடங்கிவிட்டேன் என்று எனக்கே வெட்கமாகிவிட்டது.

பிள்ளையை ஏமாற்றுவது சரியில்லை, உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மாமாவிடம் ஒரு மத்தியானம் பேசிப் பார்த்தேன்.

"முன்னாடியெல்லாம் நான் செத்த நேரம் கண்ண மூடுனா போதும், மூக்குக்கிட்ட வெரல வச்சுப் பாக்கும் உம் மக" என்றார். "மூச்சு இருக்கான்னு. குட்டி வந்ததுக்கப்பறம் வாரதில்ல. தெருவுல விளையாடப் போயிருது. கொஞ்ச நாளைக்கு இருந்துட்டுப் போகட்டுமே."

"அப்பறம் தெரிஞ்சா அழுவாளே மாமா."

"ஒனக்குத்தான் இம்புட்டுப் பயம். ஒனக்கும் ஒரு குட்டி பாக்கச் சொல்லவா?"

சிரித்துவிட்டேன். அவரிடம் இதுதான் தொல்லை. சிரிக்க வைத்தே பேச்சை முடித்துவிடுவார்.

ஆனால் இந்த மாதம் அவர் கால் மறுபடி வீங்கியிருக்கிறது. தலையணையை உயர்த்தி வைத்துத்தான் படுக்கிறார். மாத்திரையைக் கூட்டிய டாக்டர், என்னையும் கணவரையும் வெளியே அழைத்து, இனி அதிகம் எதிர்பார்க்க வேண்டாம் என்றார். திருவிழாவும் நெருங்கிவிட்டது. சேவுகம்பட்டியில் இருக்கும் நண்பரை விட்டு ஏலத்தில் குட்டியை எடுத்துக் கொஞ்ச நாள் அவரிடமே வைத்திருக்கலாம் என்று என் கணவர் ஒரு யோசனை சொன்னார். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "குடுத்தது குடுத்ததுதான். சாமிகிட்டயே கள்ளக்கணக்கா? அதுவும் வாத்தியார் வீட்டுல?"

போன வாரம் சாப்பிடும்போது மகள் திடீரென்று சோற்றை அளைவதை நிறுத்தினாள்.

"தாத்தாவுக்குக் குடுத்துட்டா, அப்பறம் குட்டிக்கு எந்த இதயம் இருக்கும்?"

நான் கணவரைப் பார்த்தேன். அவர் ரசத்தைப் பார்த்தார். மாமாதான் வழக்கம்போல முந்திக்கொண்டார். "என்னுது சும்மாதான இருக்கும்? அதை அதுக்கு வச்சுருவோம்."

அவள் சிரிக்கவில்லை. "வேணாம் தாத்தா. உங்களுது ரிப்பேரு. அதுக்கு மூச்சு வாங்கும்."

மாமா தண்ணீர் டம்ளரை எடுத்தார். அன்றைக்கு அளந்து வைத்தது தீர்ந்துபோயிருந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

மறுநாள் அவள் தோட்டத்துக்குப் போன் போடச் சொல்லிக் கேட்கவில்லை. மத்தியானம் மாமா படுத்திருந்தபோது கட்டிலருகே போய் நின்று, அவர் மூக்குக்கு நேராக விரலை நீட்டினாள். சமையலறை வாசலிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"இருக்கேன் பாப்பா. போயி விளையாடு."

அவள் போகவில்லை. கட்டிலுக்கு அடியிலேயே வாய்ப்பாட்டுப் புத்தகத்தை விரித்து உட்கார்ந்துகொண்டாள். இப்போது தினமும் அங்கேதான் உட்காருகிறாள்.

இதை வாசிப்பவர்களில் பிள்ளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். நான் அவளிடம் சொல்ல வேண்டியவை இரண்டு. அந்தக் குட்டி இதயத்துக்காக வளரவில்லை, திருவிழா முடிந்ததும் வேறு யாரோ ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது ஒன்று. தாத்தாவுக்கு வேறு இதயம் எங்கேயும் இல்லை என்பது இன்னொன்று. முதலாவதை மட்டும் இப்போது சொன்னால், இரண்டாவதை அவளே அன்று மாலைக்குள் கண்டுபிடித்துவிடுவாள். இரண்டையும் சேர்த்துச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சொல்லாமல் விட்டால் மாலை போட்ட குட்டியை அவள் ஏலத்தில் பார்ப்பாள். திருவிழாவுக்கு முன்பே சொல்லிவிடலாமா? நான் சொல்லலாமா, மாமாவே சொன்னால் நல்லதா? எந்த வார்த்தையில் தொடங்க வேண்டும்? உங்கள் வீட்டில் இப்படி ஒன்றைச் சொல்ல நேர்ந்திருந்தால், என்ன சொன்னீர்கள், பிள்ளை எப்படி எடுத்துக்கொண்டது என்று தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.